இசைத்தட்டில் அகப்பட்ட காமன்

யாப்பிலக்கணம் கற்பித்தே முப்பத்திரண்டு ஆண்டுகளைக் கழித்த ஒருத்திக்கு மேலைநாட்டு ரொக் பாடல்களைப் பற்றிக் கருத்துரைக்கத் தகுதி உண்டா என்று எவரேனும் வினவினால், இல்லை என்றே விடையிறுப்பேன். ஆயினும் சென்ற மாதம் ஹட்டனிலிருந்து நோர்வூட்டுக்குச் சென்ற பேருந்தில் ஓட்டுநர் ஒலிக்கவிட்ட ஒரு பாட்டைக் கேட்டதும், என் கை முன்னிருக்கையின் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டது. அருகில் இருந்த கல்லூரி மாணவி அதன் ஒவ்வோர் அடியையும் உடன் பாடினாள். அவளுக்கு இருபது வயதிருக்கலாம். அந்தப் பாட்டுக்கு அறுபதுக்கும் மேல். என் முகத்தை அவள் எவ்வாறு விளங்கிக்கொண்டாளோ, "பழைய பாட்டுதான் மிஸ். ஆனா சாகவே மாட்டேங்குது" என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்தப் பாட்டு ஒருமுறை உடைக்கப்பட்டதையும், பின்னர் தீயிட்டு எரிக்கப்பட்டதையும் கண்ணாரக் கண்டவள் நான். இரண்டுக்கும் காரணமானவளும் நானே.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஐம்பதுகளின் பிற்பகுதி. நோர்வூட்டுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், காம்பிரா எனப்படும் பத்து அறைகள் வரிசையாக அமைந்த லயம் ஒன்றில் எங்கள் குடும்பம் ஓர் அறையில் வாழ்ந்தது. அப்பா பகலில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர். மாசி மாதம் பிறந்துவிட்டால் அவரே எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தின் வாத்தியார். அம்மாவின் தம்பியாகிய மாமா தேயிலை ஆலையில் வேலை செய்தார். கூத்துக்குத் தப்பு அடிப்பவரும் அவரே.

காமன் கூத்தை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் நாளில், பொட்டல் எனப்படும் வெளியில் ஆமணக்கும் கரும்பும் வைக்கோற்புரியும் சேர்த்துக் கட்டிய கம்பத்தை ஊன்றுவார்கள். அதுவே மன்மதன். மாலைதோறும் அதைச் சுற்றிப் பாடி ஆடி, ரதிக்கும் அவனுக்கும் மணம் முடித்து, முழுநிலவு இரவு விடியும் வேளையில் சிவபெருமானின் நெற்றிக்கண் தீயால் அவனை எரிப்பார்கள். ஊன்றிய காமனை எரிக்காமல் விட்டுவிட்டால் அந்த ஆண்டு தோட்டத்தில் நேரும் ஒவ்வொரு சாவும் கூத்து வாத்தியாரின் கணக்கில் விழும். இதை எவரும் எழுதி வைக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும்.

அவ்வாண்டு கம்பம் ஊன்றிய ஐந்தாம் நாள், தோட்டத்து மேலாளரான வெள்ளைக்காரப் பெரியதுரையின் கட்டளையைக் கணக்கப்பிள்ளை கொண்டு வந்தார். கூத்து ஆடலாம், தீ மூட்டலாகாது. முந்திய ஆண்டு காமன் எரிந்தபோது பறந்த பொறி காய்ந்த மானாப்புல்லில் பற்றி ஒரு மலைச்சரிவையே கருக்கியிருந்தது. ஆகவே கட்டளையில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. மீறுகிறவனின் பேர் வெட்டப்படும் என்றும் பெரியதுரை சொல்லி அனுப்பியிருந்தார். பேர் வெட்டுதல் என்றால் வேலை போவது மட்டுமன்று. லயத்து அறையும் போகும். எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லர் என்று சட்டம் எழுதிவைத்திருந்த எங்களுக்கு அந்த அறையை விட்டால் போவதற்கு வேறு திசை இருக்கவில்லை.

அப்பா அன்று சோற்றில் கைவைத்தபடியே நெடுநேரம் அமர்ந்திருந்தார். எரித்தால் குடும்பம் தெருவில். எரிக்காவிட்டால் பழி தலையில். அம்மா மட்டும், "ஊனும்போதே தொரைகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல" என்றார். அப்பா எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

எங்களுக்கு ஒரு பசு இருந்தது. பெரியதுரையின் உதவியாளரான சின்னத்துரையின் பங்களாவுக்கு நாள்தோறும் பிற்பகலில் ஒரு போத்தல் பால் கொண்டுபோவது என் கடமை. சின்னத்துரை சீமையிலிருந்து வந்து ஓராண்டுகூட ஆகாத இளைஞர். துரைமார் தமிழ் கற்றுத் தேர்வு எழுத வேண்டியிருந்த காலம் அது. அவர் குசினி வாசலில் என்னைக் காணும்போதெல்லாம் "பால் நல்லது? மாடு நல்லது? அப்பா நல்லது?" என்று மூன்று வினாக்களையும் ஒரே மூச்சில் கேட்டு முடிப்பார். அவரிடம் சாவி கொடுத்து இயக்கும் கிராமபோன் பெட்டி ஒன்று இருந்தது.

கட்டளை வந்ததற்கு மறுநாள் பால் போத்தலுடன் வேலியோரம் ஏறிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெட்டியிலிருந்து ஒருவன் தொண்டை கிழியக் கத்துவது கேட்டது. அதற்கு முன்னர் அங்கே கேட்டவையெல்லாம் பிடில் அழுவதைப் போன்ற மெல்லிய இசை. இது அப்படியன்று. என் காலடியில் இருந்த மண் அதிர்வதாகத் தோன்றியது. ஒருவன் அழைக்கிறான், பலர் மறுமொழி தருகிறார்கள், மீண்டும் அவன் அழைக்கிறான். அவன் அழைத்த பெயர் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"காமன்! காமன்! காமன்!"

போத்தல் என் கையிலிருந்து நழுவிப் புல்லில் விழுந்தது. நல்வாய்ப்பாக உடையவில்லை.

ஆங்கிலத்தில் 'கமான்' என்றால் 'வா, வா' என்றோ 'ம், சீக்கிரம்' என்றோ பொருள்படும் என்பதும், அத்தகைய பாடல்களில் பத்தில் எட்டு அந்தச் சொல்லின்றி அமைவதில்லை என்பதும் பிற்காலத்தில் நான் கற்றவை. அன்று நான் கற்றிருந்தது ஒரே ஒரு காமனைத்தான். அவனைத் துரையும் அழைக்கிறார். அதுவும் மாசி மாதத்தில்! எங்கள் மாரியம்மனைத் திரும்பியும் பாராமல் காரில் போகும் வெள்ளைக்காரர்கள், பங்களாவின் கதவைச் சாத்திக்கொண்டு எங்கள் காமனைக் கும்பிட்டு வருகிறார்கள் என்றே எண்ணினேன். பாலைக் குசினியில் வைத்துவிட்டு ஓடினேன்.

அப்பா நம்பவில்லை. மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏண்டி, தொரை வேட்டி கட்டிக்கிட்டு வெரதம் இருக்குறத நீ பாத்தியா?" என்றார். நான் அழத் தொடங்கினேன். அழுகையை நிறுத்துவதற்காகவே இருவரும் மறுநாள் வேலை முடிந்து என்னுடன் வேலிவரை வந்தார்கள் என்று நினைக்கிறேன்.

பாட்டு ஒலித்தது. மாமாவின் சிரிப்பு நின்றது. அவருடைய விரல்கள் தொடையில் தாமாகவே தாளமிட்டன. "மச்சான், அடிக்கிறவன் நம்ம ஆளு மாதிரி அடிக்கிறான். மொத அடிய விட்டுட்டு ரெண்டாவதுல வந்து விழுறான் பாருங்க" என்றார்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தட்டு முடிந்து மறுபடியும் தொடங்கும்வரை நின்றார். பிறகு சொன்னார்: "பாட்டுல பெருசா ஒண்ணும் இல்ல. கெளம்புறான், கொஞ்சம் சுத்துறான், கெளம்புன எடத்துக்கே திரும்ப வர்றான். ஆனா அவன் அங்க வந்து சேர்றதுக்கு முன்னாடியே நம்ம காலு போயி நிக்குது."

யாப்பையும் இசையையும் பற்றி நான் பின்னர் எத்தனையோ நூல்கள் படித்தேன். அந்தப் பாடல்கள் ஏன் அழியாமல் நிற்கின்றன என்பதற்கு, மானாப்புல்லின் நடுவே நின்று அப்பா சொன்ன அந்த மூன்று வரிகளைவிடச் சிறந்த விளக்கத்தை எங்கும் காணவில்லை.

அப்பா என் பக்கம் குனிந்தார். "இத வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

அடிவிழப் போகிறது என்று எண்ணி, "இல்லப்பா" என்றேன்.

"சொல்லு. லயத்துல எல்லார்கிட்டயும் போயி சொல்லு."

வம்பு பேசாதே என்று என்னை நாள்தோறும் கண்டித்த மனிதர் அவர். எனக்கு வியப்பாக இருந்தது. ஆயினும் அத்தகைய கட்டளை இன்னொருமுறை கிடைக்குமா? அன்று பொழுது சாய்வதற்குள் தோட்டத்தின் நான்கு லயங்களுக்கும் செய்தி போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நாற்பது பேர் சின்னத்துரையின் பங்களாவுக்கு ஏறினோம். தட்டில் வெற்றிலை, பழம், கர்ப்பூரம். மாமா தப்பை அனலில் காய்ச்சித் தோளில் மாட்டியிருந்தார். பெண்கள் முக்காடிட்டுப் பின்னால் வந்தார்கள். கூட்டத்தைக் கண்ட சின்னத்துரை கையிலிருந்த நாளேட்டுடன் விறாந்தைக்கு ஓடி வந்தார்.

"என்னா? யாருக்கு நோவு?"

"நோவு இல்லீங்க தொரை" என்று அப்பா கும்பிட்டார். "நம்ம சாமி பாட்டு ஒண்ணு தொரைகிட்ட இருக்குன்னு புள்ள சொல்லிச்சு. ஒருக்கா எல்லாரும் கேக்கணுங்க. கேட்டுட்டு, எங்களுக்காக பெரியதொரைகிட்ட ஒரு வார்த்த சொல்லணுங்க."

சின்னத்துரைக்கு விளங்கவில்லை. அப்பா என்னை முன்னால் தள்ளினார். நான் கை கட்டி, கண்ணை மூடி, பாட்டில் வந்த அதே இராகத்தில் "காமன்! காமன்! காமன்!" என்று கத்தினேன்.

அவருடைய முகம் செம்பருத்தி போலச் சிவந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு எங்களையெல்லாம் பார்த்தார். கர்ப்பூரத் தட்டைப் பார்த்தார். இறுதியில் அப்பாவைப் பார்த்தார். அப்பாவும் பார்வையைத் தாழ்த்தவில்லை. பிறகு சின்னத்துரை உள்ளே போய்ப் பெட்டியைத் தூக்கி வந்து விறாந்தையில் வைத்தார்.

அடுத்த சில நிமிடங்களில் நான் கண்டவற்றை இன்றும் முழுமையாக நம்ப இயலவில்லை. பெட்டிக்குள் இருந்தவன் அழைத்ததும் நாற்பது பேரும் "காமன்!" என்று மறுமொழி கொடுத்தார்கள். மாமாவின் தப்பு அந்தத் தாளத்துக்குள் புகுந்தது. புகுந்த பிறகு எது தட்டின் ஓசை, எது தப்பின் ஓசை என்று பிரிக்க முடியவில்லை. ரதி வேடம் கட்டுகிற இளைஞர் இடுப்பில் கைவைத்துச் சுழன்றார். சத்தமாகச் சிரித்தும் அறியாத அம்மா முக்காடு சரிந்ததும் தெரியாமல் கைதட்டினார். எல்லாவற்றுக்கும் மேலாக, சின்னத்துரையின் சப்பாத்துக் கால் ஒன்று தானாகத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. துரைமாரின் கால் நடக்கும், உதைக்கும் என்பதை அறிவேன். அது தாளமும் போடும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

நாய் குரைத்தது. பெரியதுரை ஞாயிற்றுக்கிழமை உலாவை முடித்துக்கொண்டு வேலியைக் கடந்து வந்துகொண்டிருந்தார்.

தப்பு நின்றது. ஆட்டம் நின்றது. நாற்பது பேரும் நின்ற இடத்தில் கல்லானோம். பெட்டிக்குள் இருந்தவனுக்கு மட்டும் பெரியதுரை வந்தது தெரியவில்லை. அவன் தன் பாட்டுக்கு "காமன்! காமன்!" என்று கூவிக்கொண்டே இருந்தான். மறுமொழி சொல்ல ஆளில்லாத அந்த அழைப்பைப் போல அச்சமூட்டிய ஓசையை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"யாரு இங்க வரச் சொன்னது?" பெரியதுரைக்கு எங்கள் தமிழ் எங்களைப் போலவே வரும். விடையை எதிர்பாராமல் படியேறினார். ஊசி கிறீச்சிடத் தட்டைப் பறித்தார். விறாந்தையின் கருங்கற்படியில் ஓங்கி அடித்தார். அக்காலத்து இசைத்தட்டுகள் அரக்கினால் ஆனவை. அது பனங்கட்டியைப் போலச் சிதறியது. ஒரு துண்டு என் காலடியில் வந்து விழுந்தது.

காமன் எரிக்கப்படுவான் என்று எனக்குத் தெரியும், ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஆனால் எவரும் அவனை உடைத்ததில்லை. நான் வாய் திறந்திராவிட்டால் அவன் அந்தப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்திருப்பான்.

முதலில் குரல் எடுத்தவர் அம்மா. "அய்யோ ராசா, எரிக்கிறதுக்கு முன்ன ஒடச்சாங்களே!" என்று மாரில் அடித்துக்கொண்டு படியருகே உட்கார்ந்தார். அடுத்த கணம் வந்திருந்த பெண்கள் அனைவரும் தோளோடு தோள் சேர்ந்து ஒப்பாரி வைத்தார்கள். பிணம் இல்லாத இடத்தில் இழவு வீட்டின் அழுகை எழுந்தது. ரதி வேடம் கட்டுகிறவர் வேடம் இல்லாமலேயே தேம்பினார்.

பெரியதுரை ஓர் அடி பின்வாங்கினார். நான் அதுவரை கண்டிராத காட்சி அது. அவருடைய கையில் கரிய பொடி ஒட்டியிருந்தது. அதைக் காற்சட்டையில் துடைக்கப் போனவர் துடைக்காமல் நிறுத்திக்கொண்டார். சின்னத்துரையிடம் தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். கடவுளைக் குறிக்கும் 'கோட்' என்னும் சொல் மட்டும் எனக்குக் கேட்டது. பாதிரியார் பள்ளியில் அதுவே எங்களுக்குக் கற்பித்த முதல் ஆங்கிலச் சொல்.

சின்னத்துரை அழுகிற பெண்களைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் எங்கள் ஆட்கள் நிற்பதைப் போல நேராக, கைகளைத் தொங்கவிட்டு நின்று, "யெஸ் சார்" என்றார்.

அதன் பின்னரே அப்பா அசைந்தார். தலைத்துண்டை அவிழ்த்துத் தரையில் விரித்தார். மண்டியிட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் கண்ணில் ஒற்றி, அதில் வைத்தார். என் காலடியில் கிடந்ததையும் எடுத்துக்கொண்டார். பொறுக்கி முடிந்ததும் துண்டை மூட்டையாகக் கட்டினார். மூட்டையை மார்போடு அணைத்தபடி எழுந்து நின்றார்.

"தொரை தெரியாம செஞ்சதுங்க. சாமி கோவிக்காது. ஆனா ஒடஞ்ச சாமிய சும்மா வைக்கக்கூடாதுங்க. எரிச்சுப்புடணும்."

பெரியதுரை முந்திய ஆண்டு கருகிய மலைச்சரிவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "பொட்டல சுத்திப் புல்லு வெட்டணும். இருபது வாளி தண்ணி. சின்னத்தொரை நிப்பாரு" என்றார். நாயைக் கூப்பிட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

முழுநிலவு நாளுக்கு மறுநாள் விடியற்காலையில் காமன் எரிந்தான். புல் வெட்டிய வட்டத்துக்கு வெளியே ஒரு பொறியும் போகவில்லை. சின்னத்துரை கையில் வாளியுடன், பனிக்கு ஒரு கம்பளித் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கடைசிவரை நின்றார். கம்பத்தில் கட்டிய மூட்டை தீப்பற்றியபோது அரக்கு உருகி, கரும்புகை எழுந்து, ஆலையில் மரப்பெட்டிகளுக்கு முத்திரை வைக்கும்போது வருகிற நெடி பரவியது. மாமா தப்பு அடித்தார். அன்று அவர் அடித்தது வழக்கமான அடியா, தட்டில் கேட்ட அடியா என்று பெரியவர்கள் பின்னர் வாதிட்டார்கள்; எனக்கு வேறுபாடு தெரியவில்லை. சில மாதங்களில் சின்னத்துரை ராகலைப் பக்கம் வேறொரு தோட்டத்துக்கு மாற்றப்பட்டார். காரணம் எங்களுக்குச் சொல்லப்படவில்லை; நாங்களும் கேட்கவில்லை.

அத்தகைய பாடல்களில் பொருள் மிகக் குறைவு என்று என் சக ஆசிரியர்கள் இகழ்வதுண்டு. மறுக்கமாட்டேன். 'வா, வா' என்பதற்கு மேல் அந்தப் பாட்டில் வேறொன்றும் இல்லை. ஆனால் அவ்வளவு வெற்றிடம் இருந்தமையால்தான் நாற்பது பேர் தங்கள் தெய்வத்தை அதற்குள் குடியேற்ற முடிந்தது. பொருள் நிறைந்த பாட்டில் அதற்கு இடமேது?

காமன் எரிந்து சாம்பலான பின், அப்பாவும் மாமாவும் லயத்துக்கு இறங்கும் பாதையில் முன்னே நடந்தார்கள். நான் அப்பாவின் வேட்டி நுனியைப் பிடித்தபடி அரைத் தூக்கத்தில் பின்னே வந்தேன். அம்மாவும் மற்றப் பெண்களும் வெகுதூரம் பின்தங்கியிருந்தார்கள்.

மாமா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மச்சான், நெசமாவே அது காமன் பாட்டுத்தானா?"

அப்பா நின்றார். பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "இருவது வருசமா மலையில நம்ம முதுகுக்குப் பின்னாடி நின்னு தொரைமாரு அதயேதானடா கத்திக்கிட்டு இருக்கானுங்க. எனக்குத் தெரியாதா? அந்தச் சின்னவருக்கும் தெரியும். எனக்குத் தெரியும்னும் அவருக்குத் தெரியும்."

மாமா வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா, அச்சமா என்று தெரியவில்லை. "அக்காவுக்கு?"

"ஒங்க அக்காகிட்ட மட்டும் வாயத் தொறந்த, அடுத்த மாசிக்கு ஒன்னத்தான் கம்பத்துல கட்டுவேன்."

இருவரும் தோள்கள் குலுங்கச் சிரித்தபடி நடந்தார்கள். எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. வேலை நேரத்தில் நான் மலைக்குப் போனதில்லை. அங்கே துரைமார் என்ன கத்துவார்கள் என்று கேட்டதில்லை. இருபது ஆண்டுகளாக நாள் தவறாமல் எங்கள் ஆட்களின் பின்னால் நின்று அவர்கள் காமனையே கூவி அழைத்து வந்திருக்கிறார்கள் என்று மட்டும் விளங்கிக்கொண்டேன். இவ்வளவு பக்தியுள்ளவர்களைப் பற்றி லயத்தில் எல்லாரும் ஏன் இத்தனை கடுமையாகப் பேசுகிறார்கள் என்று எண்ணி எண்ணி மிகவும் வருந்தினேன்.